தவிடு–புண்ணாக்கா, ஆலைத் தீவனமா: கெண்டைக் குளத்தில் வளர்ச்சியைத் தீர்மானிப்பது எது?

கேள்வி இதுதான்: ஒரு ஏக்கர் குளத்தில் கட்லா, ரோகு, மிர்கால் என்ற மூன்று கெண்டை இனங்களும் சேர்த்து 3,000 குஞ்சு விட்டிருக்கிறார்கள். இதுவரை தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதி கலந்து கொடுத்து வந்தார்கள். ஆலையில் செய்த, நீரில் மிதக்கும் மிதவைத் தீவனத்துக்கு மாறினால் வளர்ச்சி எவ்வளவு கூடும்? 24, 28, 32 சதப் புரதம் என்று மூட்டைகள் வருகின்றனவே, எதை வாங்குவது?

முதலில் ஒரு கணக்கு. அரிசித் தவிட்டில் சுமார் 12–13 சதம் புரதம், கடலைப் புண்ணாக்கில் 40–45 சதம். சரிபாதி கலந்தால் 27 சதத்துக்குப் பக்கத்தில் வரும். அதாவது, வீட்டுக் கலவையும் '28 சதம்' என்று அச்சிட்ட மூட்டையும் புரத அளவில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் ஒரு கிலோ மீன் வளர வீட்டுக் கலவை மூன்று, மூன்றரை கிலோ போகிறது; நல்ல மிதவைத் தீவனம் ஒன்றரையிலிருந்து ஒன்றே முக்கால் கிலோவில் முடிகிறது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பிடிபட்டுவிட்டால், எந்த மூட்டை வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

பெரிய இழப்பு தண்ணீரில் நடக்கிறது. தூளாகவும் உருண்டையாகவும் போடும் கலவை சில நிமிடங்களில் கரைந்து பிரிகிறது. தவிட்டின் நுண்தூள் மிதந்து ஒதுங்கும், புண்ணாக்கு அடியில் போய்ச் சேற்றோடு கலக்கும். மீன் வாய்க்குப் போவது ஒரு பங்கு. மீதி குளத்துக்கு உரமாகிறது. பாசியையும் நுண்ணுயிரையும் வளர்த்து, சுற்றி வந்து கொஞ்சம் மீனுக்குச் சேர்கிறது. அது முழு நஷ்டம் இல்லை என்றாலும், கடலைப் புண்ணாக்கு விலையில் உரம் போடுவது யாருக்கும் கட்டாது.

இரண்டாவது, புரதத்தின் தரம். மீனின் தசை கட்டப்படுவது அமினோ அமிலங்களால். அவற்றில் பத்தை மீன் தன் உடலில் உண்டாக்கிக்கொள்ள முடியாது, தீவனத்தில்தான் வரவேண்டும். அந்தப் பத்தில் ஒன்று லைசின்; கெண்டை இனங்களுக்குப் புரதத்தில் சுமார் 5.7 சதம் அது தேவை. கடலைப் புண்ணாக்கின் புரதத்தில் இருப்பது மூன்றரை சதத்தை ஒட்டித்தான். தவிட்டில் சற்றுக் கூடுதல், ஆனால் தவிட்டின் புரதமே குறைவு. ஆகக் கலவையில் தேவையின் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் லைசின் இருக்கிறது. எது மிகக் குறைவோ அந்த அளவுக்குத்தான் தசை கட்ட முடியும்; எஞ்சிய அமினோ அமிலங்களை மீன் எரித்துச் சக்தியாக்கி, அதிலுள்ள நைட்ரஜனைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியே தள்ளுகிறது. கடலைப் புண்ணாக்கில் அந்தப் பத்தில் இன்னொன்றான மெத்தியோனினும் குறைவு. சோயா புண்ணாக்கில் லைசின் போதுமானது, மெத்தியோனின் குறைவு. எள்ளுப் புண்ணாக்கில் அது தலைகீழ். மீன் தூளில் இரண்டும் நிறைவாக இருக்கும். ஆலைத் தீவனத்தில் இவற்றைச் சேர்த்து, தேவையானால் செயற்கை லைசினும் மெத்தியோனினும் கூட்டிச் சமன் செய்கிறார்கள். 27 சதத்துக்கும் 28 சதத்துக்கும் உள்ள உண்மையான தூரம் இதுதான்.

மூன்றாவது, பாஸ்பரஸ். தவிட்டில் பாஸ்பரஸ் நிறைய இருப்பதாகப் பட்டியல் காட்டும். ஆனால் அதில் பெரும்பகுதி பைட்டேட் என்னும் வடிவில் பூட்டிக் கிடக்கிறது. அதைப் பிரிக்கும் நொதி மீன் குடலில் இல்லை. ரோகு, கட்லா, சாதாக் கெண்டை எல்லாமே இரைப்பை இல்லாத மீன்கள். வயிற்று அமிலம் கிடையாது என்பதால் எலும்புத் தூளில் உள்ள பாஸ்பரஸும் இவற்றுக்குச் சரியாகக் கிடைப்பதில்லை. மோனோ கால்சியம் பாஸ்பேட் போன்ற எளிதில் கரையும் உப்புதான் நன்றாகப் பயன்படும். பாஸ்பரஸ் போதாத மீன் தின்னும், ஆனால் எடை ஏறாது. எலும்பு வலுவிழக்கும், வயிற்றுக்குள் கொழுப்பு சேரும்.

இரைப்பை இல்லை என்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு. ஒரே வேளையில் மொத்தமாகத் தின்று வைத்துக்கொள்ள இந்த மீன்களுக்கு இடமில்லை. ஒரு நாளைக்கான 15 கிலோ தீவனத்தை ஒரே தடவை கொட்டுவதைவிட இரண்டாகப் பிரித்துக் கொடுத்தால் செரிமானம் கூடும். குஞ்சுப் பருவத்தில் மூன்று நான்கு வேளையாகப் பிரிக்கலாம்.

மிதவைத் தீவனம் மிதப்பது அதன் சத்தால் இல்லை, செய்முறையால். மாவுக் கலவையை ஈரப்படுத்தி, 120 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்திலும் அழுத்தத்திலும் எக்ஸ்ட்ரூடர் என்ற பிழியும் இயந்திரத்தில் தள்ளுகிறார்கள். துளையை விட்டு வெளியே வந்ததும் அழுத்தம் சட்டென்று இறங்க, உள்ளிருக்கும் நீர் ஆவியாகி உருண்டையை உப்பச் செய்கிறது. இதில் மாவுச்சத்து வெந்துவிடுவதால் செரிப்பது எளிது; சோயாவில் உள்ள செரிமானத் தடைப்பொருளும் பெருமளவு அழிகிறது. வைட்டமின் சி-யும் இதே சூட்டில் அழியும் என்பதால், வெப்பம் தாங்கும் பாஸ்பேட் வடிவத்தில் சேர்க்க வேண்டும். அதைச் சேர்க்காத தீவனத்தை நெருக்கமாக வளர்க்கும் மீனுக்குத் தொடர்ந்து கொடுத்தால் முதுகெலும்பு வளைந்த மீன்கள் வலையில் வரும். ஆவியில் அழுத்திச் செய்யும் மூழ்கு குருணையிலும் சத்துச் சமன் சரியாக இருக்கலாம். மிதவைக்கு உள்ள பெரிய வசதி, மீன் தின்றதா இல்லையா என்று கரையில் நின்றே பார்க்கலாம் என்பதுதான். தீவனம் மிச்சப்படுவதில் அந்தப் பார்வைக்கும் பங்கு உண்டு.

இனி, வளர்ச்சி எவ்வளவு கூடும் என்பது. அது தீவனத்தைவிடக் குளத்தில் அன்றைக்கு எத்தனை கிலோ மீன் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. சாணமும் உரமும் போட்டுப் பச்சையாக வைத்திருக்கும் குளத்தில் விலங்கு மிதவைகள் (நீரில் மிதந்து வாழும் நுண்ணிய விலங்குகள்), புழு பூச்சிகள் இருக்கும். அவற்றின் உலர் எடையில் பாதிக்கு மேல் புரதம். லைசின், மெத்தியோனின், வைட்டமின் எல்லாம் அதில் உண்டு. மீன் சிறிதாக, மொத்த எடை குறைவாக இருக்கும்வரை இந்த இயற்கை உணவே தீவனத்தின் குறைகளை நிரப்பிவிடும். அந்தக் கட்டத்தில் தவிடு–புண்ணாக்கு கொடுக்கும் குளத்துக்கும் விலை உயர்ந்த மிதவைத் தீவனம் கொடுக்கும் குளத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மொத்த எடை ஏற ஏற ஒரு மீனுக்குக் கிடைக்கும் இயற்கை உணவின் பங்கு சுருங்கும். நல்ல பச்சைக் குளத்தில் ஏக்கருக்கு ஏறத்தாழ 400–500 கிலோவைத் தாண்டும்போது வளர்ச்சி தளர ஆரம்பிக்கும். சமன் செய்த தீவனம் தன் வேலையைக் காட்டுவது அதற்குப் பிறகுதான். ஆகவே 1,000 குஞ்சு மட்டும் விட்ட குளத்தில் முதல் நாளிலிருந்தே ஆலைத் தீவனம் கொட்டுவது வீண் செலவு. 3,000 விட்ட குளத்தில் மீன் 150–200 கிராமைத் தாண்டிய பிறகும் தவிட்டையே நம்பியிருப்பது மாதக்கணக்கில் காலத்தை இழப்பது.

எந்தப் புரத அளவு என்பதற்கும் இதே அடிப்படைதான். குஞ்சு சிறிதாக இருக்கும்போது உடல் எடையோடு ஒப்பிட்டால் தசை கட்டும் வேகம் மிக அதிகம். 50–100 கிராம் வரை 32 சதம் தகும். அதன்பின் கெண்டைக் குளத்துக்கு 28 சதம். மீன் அரை கிலோவைத் தாண்டி, தண்ணீரும் பச்சையாக இருந்தால் 24–26 சதம் போதும். பெரிய மீனுக்கு 32 சதம் கொடுத்தால் வளர்ச்சி அதற்கேற்பக் கூடாது. தேவைக்கு மேற்பட்ட புரதம் அம்மோனியாவாகத் தண்ணீருக்குத்தான் போகும். அதைக் கழிக்கவும் மீன் சக்தி செலவழிக்க வேண்டும். கிஃப்ட் திலேப்பியாவை (தேர்ந்தெடுப்பு இனப்பெருக்கத்தால் மேம்படுத்திய திலேப்பியா) நெருக்கமாக, ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி) வைத்து வளர்ப்பவர்கள் நிலை வேறு. அங்கே இயற்கை உணவின் பங்கு சிறிது என்பதால் 200–300 கிராம் வரை 30–32 சதமும், பிறகு 28 சதமும் வேண்டும்.

புரதத்தோடு சக்தியும் பொருந்த வேண்டும். சக்தி போதாவிட்டால் மீன் புரதத்தை எரிக்கும். அதிகமானால் கொழுப்பாகச் சேர்க்கும். கெண்டைகள் மாவுச்சத்தை நன்றாகப் பயன்படுத்தக்கூடியவை என்பதால் அதிக எண்ணெய் தேவையில்லை. 5–6 சதம் கொழுப்பு போதும். இதை அறிய ஆய்வகம் வேண்டாம். மாதம் ஒரு மீனை அறுத்துப் பாருங்கள். குடலைச் சுற்றி வெள்ளைக் கொழுப்பு திரண்டிருந்தால், புரதத்துக்கு மிஞ்சிய சக்தி போகிறது அல்லது பாஸ்பரஸ் போதவில்லை. தலை பெருத்து உடல் ஒட்டியிருந்தால் தீவனமே போதவில்லை.

மூன்று இனங்களுக்கும் ஒரே மிதவைத் தீவனம் என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பலர் ஏமாறுவது இங்கேதான். ரோகு நடுத்தண்ணீர் மீன் என்றாலும் ஒன்றிரண்டு வாரத்தில் மேலே வந்து தின்னப் பழகிவிடும். கட்லா மேற்பரப்பு மீன்தான், ஆனால் அது வடிகட்டித் தின்பது. விலங்கு மிதவையும் நுண்தூளும்தான் அதற்கு இயல்பு. 4 மி.மீ. உருண்டையைப் போட்டுவிட்டுக் கட்லா ஏன் வளரவில்லை என்று கேட்பதில் பயனில்லை. மிர்கால் அடித்தண்ணீர் மீன், மேலே வர விரும்பாது. மிதவைத் தீவனத்துக்கு முழுதாக மாறிய குளங்களில் ரோகு மட்டும் முந்தி, கட்லா பின்தங்குவது இதனால்தான். இதற்கு மூன்று வழிகள் உண்டு. சாணம், உரம் போடுவதை நிறுத்தாமல் தண்ணீரின் பச்சையைக் காப்பது முதல் வழி. கையை முழங்கைவரை தண்ணீரில் விட்டால் உள்ளங்கை மங்கலாகத் தெரிய வேண்டும், அதாவது 25–35 செ.மீ. அடுத்து, தினத் தீவனத்தில் நான்கில் ஒரு பங்கைத் தூளாக, எண்ணெய் நீக்கிய தவிடும் புண்ணாக்கும் கலந்து, துளையிட்ட பைகளில் மூங்கில் கழியில் கட்டித் தொங்கவிடுவது. ஆந்திராவில் கொல்லேறு வட்டாரப் பண்ணைகள் முழுக்க இந்தப் பை முறையில்தான் கட்லா, ரோகு வளர்த்துப் பெரிய மீன் சந்தையைப் பிடித்தன. பை இருக்கும் இடத்தில் மீன் தானாக வந்து முட்டித் தின்னும், சிதறலும் குறைவு. கடைசியாக, அடுத்த முறை இருப்பு விடும்போதே ரோகுவின் பங்கைக் கூட்டி, மிர்காலைக் குறைப்பது. மிதவைத் தீவனம்தான் முக்கியம் என்று முடிவெடுத்த குளத்துக்கு அதுவே சரியான திட்டம்.

அளவைப் பார்ப்போம். 3,000 குஞ்சில் 85 சதம் உயிரோடு இருப்பதாக வைத்தால் 2,550 மீன். மாதிரி பிடித்ததில் சராசரி 300 கிராம் என்றால் மொத்தம் 765 கிலோ. இந்த எடையில் உடல் எடையின் 2 சதம் கொடுத்தால் நாளைக்குச் சுமார் 15 கிலோ. மாற்று விகிதம் (ஒரு கிலோ மீன் வளரச் செலவாகும் தீவனக் கிலோ) 1.7 என்றால் குளம் நாளொன்றுக்கு 9 கிலோ எடை கூடும், அதாவது மீனுக்கு மூன்றரை கிராம். 50 கிராமுக்குக் கீழே 5–6 சதம், 50–200 கிராமுக்கு 3–4 சதம், அரை கிலோவுக்கு மேல் ஒன்றரைச் சதம் என்று இறக்கிக்கொண்டே வரவேண்டும். உருண்டையின் அளவு 20 கிராம் வரை 1–1.5 மி.மீ., 50 கிராம் வரை 2, 200 கிராம் வரை 3, அதற்குமேல் 4 மி.மீ.

இந்தக் கணக்கு பொய்த்துப்போவது பெரும்பாலும் பிழைப்பு விகிதத்தில். பாம்புத்தலை விரால், நீர்க்காகம், இறக்கியபோது செத்தவை என்று உண்மையில் 1,800 மீன்தான் இருக்கிறது என்று வையுங்கள். குளத்தில் நிற்பது 540 கிலோ. 15 கிலோ என்பது 2.8 சதம். மீன் தின்ன முடியாத மிச்சம் தினம் அழுகும், விகிதம் 2.4-க்குப் போகும், பழி தீவனத்தின் மேல் விழும். அதனால் சதவீதக் கணக்கு தொடக்கத்துக்கு மட்டும். பிறகு மீனைப் பார்த்துக் கொடுங்கள். போட்ட மிதவைத் தீவனம் 15–20 நிமிடத்தில் தீர வேண்டும். 7–10 நாளுக்கு ஒருமுறை வயிறார எவ்வளவு தின்கிறது என்று பார்த்து, அதில் 85–90 சதத்தை அடுத்த வாரத்துக்கான தின அளவாக வைத்துக்கொள்ளுங்கள். முழு வயிறு கொடுத்தால் எடை சற்று வேகமாக ஏறும், ஆனால் கடைசிப் பத்துச் சதத் தீவனம் செரியாமல் போகும் பங்கு அதிகம்.

வளர்ச்சியை வெறும் கிராமில் ஒப்பிடாதீர்கள். 50 கிராம் மீன் 30 நாளில் 100 கிராமானால் நாள் வளர்ச்சி வேகம், கூட்டு வட்டி போலக் கணக்கிட்டால், 2.3 சதம். 500 கிராம் மீன் அதே 30 நாளில் 600 ஆனால் கூடியது நூறு கிராம், வேகம் 0.6 சதம்தான். இரண்டு தீவனங்களை ஒப்பிட, ஒரே எடையில் தொடங்கிய மீன்களை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சின்ன மீனுக்குப் போட்ட தீவனம் எப்போதும் ஜெயிக்கும்.

நல்ல தீவனம் போட்டும் வளரவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஆக்சிஜன். தீவனத்தைத் தசையாக்குவதே ஆக்சிஜன் செலவாகும் வேலை. லிட்டருக்கு 5 மி.கி. இருந்தால் நல்லது, 3-க்குக் கீழே போனால் தின்பது குறையும், தின்றதும் உடம்பில் ஒட்டாது. விடியற்காலையில்தான் ஆக்சிஜன் மிகக் குறைவு. அதனால் காலைத் தீவனத்தை வெயில் ஏறி ஒன்பது மணிக்கு மேலும், மாலைத் தீவனத்தை நாலு மணிக்குள்ளும் முடியுங்கள். மேகமூட்டமான நாளில் பாதியாகக் குறையுங்கள். மீன் மேலே வந்து வாய் பிளக்கும் நாளில் நிறுத்திவிடுங்கள். வெப்பம் 26–32 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் கெண்டைகள் நன்றாகத் தின்னும். மார்கழி, தையில் தண்ணீர் குளிரும்போது அதே அளவைத் தொடர்வதும் வீண்.

அம்மோனியாவுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: தீவன எடை × புரத விகிதம் × 0.092. 15 கிலோ, 28 சதம் என்றால் நாளைக்குச் சுமார் 386 கிராம். ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள ஒரு ஏக்கர் குளத்தில் ஏறத்தாழ 60 லட்சம் லிட்டர் தண்ணீர். லிட்டருக்குத் தினம் 0.06 மி.கி. சேரும். பாசியும் நுண்ணுயிரும் இதைச் சமாளித்துவிடும். தீவனம் 40 கிலோவைத் தொட்டால் ஏரேட்டரும் தண்ணீர் மாற்றும் வசதியும் இல்லாமல் நடத்த முடியாது. மாலையில் கார அமிலத்தன்மை (pH) 9-ஐத் தொடும் பச்சைக் குளத்தில் அம்மோனியாவின் நச்சு வடிவம் பல மடங்காகும். அந்த நிலையில் தீவனத்தைக் கூட்டினால் வளர்ச்சி குறையவே செய்யும்.

மூட்டையில் அச்சிட்ட புரதமும் முழு உண்மை சொல்லாது. ஆய்வகம் அளப்பது நைட்ரஜனை, அதை 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்கிறார்கள். யூரியா கலந்தாலும் அந்த எண் ஏறும். வாங்கும்போது ஒரு பிடியை வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அரை மணி நேரம் மிதக்க வேண்டும், உடையக் கூடாது. மூட்டை அடியில் தூள் அதிகம் இருந்தால் அந்தப் பங்கு மீனுக்குச் சேராது. சிக்குவாடையோ பூஞ்சை வாடையோ வந்தால் திருப்பிக் கொடுங்கள். கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் ஈரம் பட்டால் வளரும் பூஞ்சையின் நஞ்சான அஃப்ளாடாக்சின் ஈரலைத்தான் முதலில் தாக்கும். மீன் உடனே சாகாவிட்டாலும் சரியாக வளராது, நோய்க்கு எளிதில் ஆளாகும். பச்சைத் தவிட்டின் எண்ணெய் அரைத்த சில நாளிலேயே சிக்கு பிடிக்கத் தொடங்கும். எண்ணெய் நீக்கிய தவிடு அந்த வகையில் பாதுகாப்பானது. மூட்டைகளை மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி அடுக்கி, இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

சொந்தமாகச் செய்ய விரும்பினால் 100 கிலோவுக்கு இது நல்ல தொடக்கம்: சோயா புண்ணாக்கு 30, கடலைப் புண்ணாக்கு 15, எண்ணெய் நீக்கிய தவிடு 27, மக்காச்சோள மாவு 18, மீன் தூள் 7, மோனோ கால்சியம் பாஸ்பேட் 1.5, வைட்டமின்–தாதுக் கலவை 1, மீன் எண்ணெய் அரை கிலோ. புரதம் ஏறக்குறைய 29 சதம் வரும். கருவாட்டுக் கழிவை மீன் தூளாக வாங்கினால் மணலும் உப்பும் பார்த்து வாங்குங்கள். எல்லாவற்றையும் நைசாக அரைத்துச் சலிப்பது முக்கியம். நொய் நொய்யாக இருந்தால் உருண்டை உடையும். வைட்டமினும் எண்ணெயும் தவிர மற்றதை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டுப் பிசைந்து, 20–30 நிமிடம் ஆவியில் வேகவிட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பின் வைட்டமினையும் எண்ணெயையும் சேர்த்து 3 மி.மீ. துளையில் பிழிந்து, நிழலான காற்றில் ஈரம் 10–12 சதத்துக்குக் கீழே போகும்வரை உலர்த்துங்கள். இது மூழ்கும் தீவனம் என்பதால் தட்டுகளில் வைத்து, ஒரு மணி நேரத்தில் மிச்சம் எவ்வளவு என்று தூக்கிப் பார்க்க வேண்டும். மிர்காலுக்கு இது பொருந்தும்.

செலவைக் குறைக்க இன்னொரு வழி. மறைந்த மீன்வள அறிஞர் எம். சி. நந்தீஷாவும் உடன் பணியாற்றியவர்களும் கட்லா, ரோகு, சாதாக் கெண்டைகளில் உயர்புரதத் தீவனத்தையும் குறைபுரதத் தீவனத்தையும் நாள் மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். தினமும் உயர்புரதம் கொடுத்ததற்கு இணையான வளர்ச்சியே சரியான அட்டவணைகளில் கிடைத்தது. பச்சைக் குளத்தில் இரண்டு நாள் 28 சதம், ஒரு நாள் தவிடு–புண்ணாக்கு என்று மாற்றிக் கொடுத்துப் பார்க்கலாம். ஏரேட்டர் வைத்த நெருக்கமான குளத்தில் இது வேண்டாம்.

விலையை மூட்டைக் கணக்கில் பார்க்காமல் மாற்று விகிதத்தால் பெருக்கிப் பாருங்கள். உதாரணத்துக்கு, கலவை கிலோ 35 ரூபாய், விகிதம் 3.2 என்றால் ஒரு கிலோ மீனுக்கு 112 ரூபாய். மிதவை 48 ரூபாய், விகிதம் 1.7 என்றால் 82 ரூபாய். அதே மிதவையை அளவில்லாமல் கொட்டி விகிதம் 2.4-க்குப் போனால் 115. மலிவுக் கலவையைவிட மோசம். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதையே செய்யுங்கள்.

குஞ்சின் தரத்தையும் பார்க்க வேண்டும். புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் தேர்ந்தெடுப்பு இனப்பெருக்கத்தால் உருவாக்கிய ஜெயந்தி ரோகு, சாதாரண ரோகுவைவிட வேகமாக வளரும். உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்த குஞ்சுக்கு எந்தத் தீவனமும் அந்த வேகத்தைத் தராது. 5 செ.மீ. குஞ்சுக்குப் பதில் 100 கிராம் வளர்ந்த குஞ்சு விட்டால் பிழைப்பும் கூடும், தீவனக் கணக்கும் பிசகாது.

உங்கள் குளத்துக்கு இப்போதைக்கு: முதலில் இழுவலை போட்டு 50–60 மீனாவது எடை பாருங்கள், இனவாரியாக. மொத்தம் 400 கிலோவுக்குக் கீழே என்றால் இப்போதைய கலவையோடு கொஞ்சம் சோயா புண்ணாக்கும் தாதுக் கலவையும் சேர்த்துப் பையில் கட்டுங்கள். அதைத் தாண்டியிருந்தால் 28 சத மிதவைக்கு மாறுங்கள். பத்து நாளில் படிப்படியாக, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் போட்டுப் பழக்குங்கள். தீவனம் காற்றில் ஒதுங்காமலிருக்க மூங்கிலாலோ பி.வி.சி. குழாயாலோ மிதக்கும் சட்டம் கட்டி அதற்குள் போடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு எடை, தினத் தீவன அளவு, விடியற்கால ஆக்சிஜன், இந்த மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிடிப்புக்கு முந்தைய நாள் தீவனத்தை நிறுத்திவிடுங்கள். வயிறு காலியான மீன் வண்டியில் தாங்கும், சீக்கிரம் கெடாது.